ஆபத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமார், இளைஞர் பிரதிநிதிகள் ஆகியோருக்கான சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, வீடு, காணி என்று பல வகுப்புகளில் பேசியிருக்கிறோம். இன்று வேறொரு விடயத்தைப் பேசுவோம். தோட்டத்தில் ஆபத்தான வேலைகள் உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மரம் அரிவது, ஸ்டோரில் மிஷின் ஓட்டுவது, மருந்தடிப்பது, மிஷினால் புல் வெட்டுவது, பெக்கோவால் மண் வெட்டுவது என்று அடுக்கலாம். அந்த வேலையைச் செய்பவரைப் பற்றி ஓரளவுக்காவது யோசிக்கிறார்கள். தொப்பி கொடுத்தார்களா, சப்பாத்து கொடுத்தார்களா என்று நாமும் கேட்கிறோம். ஆனால் அந்த வேலைக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஏன் அவரைப் பற்றிப் பேச வேண்டும்? மரம் அரிபவரை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷின் அவர் கையில் இருக்கிறது. எந்த மரம், எந்தப் பக்கம் சாயும், எப்போது சாயும் என்பது அவருக்குத் தெரியும். மரம் முதலில் 'படக்' என்று சத்தம் போடும்போது அவருடைய கண் மரத்தில்தான் இருக்கும். அதே மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும் அக்காவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. காலையிலிருந்து மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்டுக் கேட்டு அது காதுக்குப் பழகிவிட்டது. சத்தம் நின்றால் மரம் விழப்போகிறதா, ஆள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் தகவல் ஒருவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

மூன்று விதமாகப் பக்கத்தில் நிற்கிறோம்

முதலாவது, வேலையே அங்கே என்பதால் நிற்பது. ரோலருக்குக் கொழுந்து கொட்டுபவர், வெட்டிய மரத்துக்குக் கயிறு பிடிப்பவர், விறகு அடுக்குபவர், மரம் அரியும் மலையில் கொழுந்தெடுக்க அனுப்பப்பட்டவர் எல்லோரும் இந்த வகை. இவர்களாக அந்த இடத்தைத் தெரிவு செய்யவில்லை. பெரட்டில் பெயர் சொல்லி, மலை இலக்கம் சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டாவது, கடந்து போகும்போது நிற்பது. நமது தோட்டங்களில் பாதை என்பது மலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைதான். பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள், பிள்ளை மடுவத்துக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாய், ஸ்டோருக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பெரியம்மா ஆகியோர் வேலை நடக்கும் இடத்தின் ஊடாகவே போகவேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வேடிக்கை பார்க்க நிற்பது. லயத்துக்குப் பின்னால் பெரிய டர்பன்டைன் மரம் ஒன்றை வெட்டுகிறார்கள் என்றால் முழு லயமும் வெளியே வந்துவிடும். பெக்கோ வந்தாலும் அப்படித்தான். இப்போது எல்லோருடைய கையிலும் போன் இருப்பதால், வீடியோ எடுப்பவர் இன்னும் இரண்டு அடி முன்னால்தான் நிற்பார். போனின் சிறிய திரையில் மரம் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது தலைக்கு மேல் நிற்கிறது.

இந்த மூவருக்கும் மூன்று விதமான பாதுகாப்பு வேண்டும். கடந்து போகிறவருக்குப் பாதையை மூடி மாற்று வழி காட்ட வேண்டும். வேடிக்கை பார்ப்பவரைத் தூரத்தில் நிறுத்த வேண்டும். வேலைக்காக நிற்பவருக்கு இடைவெளியும் தகவலும் வேண்டும், வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமையும் வேண்டும்.

"கவனமாக இரு" என்பது போதுமா?

விபத்து நடந்த பிறகு எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "கவனமாக இருந்திருக்கலாமே." துரையும் சொல்வார், கணக்கப்பிள்ளையும் சொல்வார், சில வேளைகளில் நாமே நமது ஆட்களிடம் சொல்லிவிடுகிறோம். கவனம் என்பது என்ன, அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பாடசாலையில் பிள்ளைகளோடு பழகுகிறவர்களுக்கு இது தினமும் தெரியும் விடயம். ஆனால் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் இங்கிலாந்தின் விமானப்படைக்கு ஒரு சிக்கல் இருந்தது. ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நல்ல பயிற்சி பெற்ற ஆட்களும் நேரம் போகப்போகத் திரையில் தெரியும் புள்ளியைத் தவறவிட்டார்கள். நோர்மன் மக்வர்த் என்ற உளவியல் ஆய்வாளர் இதைச் சோதித்தார். ஒரு கடிகாரம் போன்ற கருவி. அதன் முள் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு துள்ளு துள்ளும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் துள்ளல் வரும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணித்தியாலம் இதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 1948இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: முதல் அரை மணித்தியாலம் கடந்ததும் தவறவிடுவது கூடிவிடுகிறது. இவர்கள் சோம்பேறிகள் அல்லர். மனித மூளை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இன்னொன்று. 1999இல் அமெரிக்காவில் சைமன்ஸ், சப்ரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு காணொளியைக் காட்டினார்கள். சிலர் பந்தை மாற்றி மாற்றி வீசுகிறார்கள். வெள்ளை உடுப்புக்காரர் எத்தனை முறை வீசினார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து, நின்று, மார்பில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தக் கொரில்லாவைக் காணவே இல்லை. கண் திறந்திருந்தது, ஆனால் மனம் எண்ணிக்கையில் இருந்தது.

இதைக் கொழுந்து மலைக்குக் கொண்டுவாருங்கள். கொழுந்தெடுப்பவரின் கண் இரண்டு விரலின் நுனியில் இருக்கிறது. இரண்டு இலையும் மொட்டும் பார்க்க வேண்டும், முற்றல் வந்தால் மடுவத்தில் தரம் கழிப்பார்கள். மனத்தில் கிலோக் கணக்கு ஓடுகிறது. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான் விழும். காலடியில் வழுக்கல், அட்டை. தோளில் பாரம். இத்தனைக்கும் நடுவில் 100 அடி தூரத்தில் ஆடும் மரத்தையும் நீ பார்த்துக்கொண்டிரு என்றால், அது ஒரு மனிதரிடம் கேட்கக்கூடிய காரியமா? அவருக்கு அந்த மரமும் கொரில்லாவைப் போலத்தான், எதிரே நின்றாலும் தெரியாது.

ஆகவே நாம் இதில் தெளிவாக இருக்க வேண்டும். விழிப்பு அவசியம்தான், ஆனால் அதைத் தனி ஆளின் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது. அதற்குத் தனி ஆள் வேண்டும், தூரம் வேண்டும், முன்கூட்டியே பேசி வைத்த சைகை வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் "கவனமாக இரு" என்ற சொல்லுக்கு அர்த்தம் வரும்.

மரம் விழும் இடத்தில்

சர்வதேச தொழில் அமைப்பு 1998இல் காட்டு வேலைகளுக்கான பாதுகாப்பு நடைமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது. மரம் அரியும்போது, அந்த வேலையில் இல்லாத எவரும் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் நிற்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. ஏன் இரண்டு மடங்கு? விழும் மரம் பக்கத்து மரத்தைத் தட்டினால் அதுவும் விழும். கிளை முறிந்து தெறிக்கும். மலைச்சரிவில் துண்டு உருண்டு ஓடும்.

உயரத்தை எப்படி அளப்பது? நமது பாடசாலைப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக்கொடுக்கிறோம். கையை நேராக நீட்டுங்கள். கண்ணிலிருந்து கைப்பிடி வரை உள்ள நீளத்துக்கு ஒரு குச்சி எடுங்கள். நீட்டிய கையில் அதை நிமிர்த்திப் பிடியுங்கள். இப்போது மரத்தைப் பார்த்தபடி பின்னால் நடவுங்கள். குச்சியின் அடி மரத்தின் அடியோடும், குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் ஒத்துப்போகும் இடத்தில் நில்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். மரம் உங்களை நோக்கி விழுந்தால் அதன் உச்சி உங்கள் காலடியில் விழும். அதே தூரம் இன்னும் ஒரு மடங்கு பின்னால் போனால்தான் பாதுகாப்பான இடம். மேட்டிலோ பள்ளத்திலோ நின்று அளந்தால் கணக்குப் பிழைக்கும். மரத்தின் அடி இருக்கும் மட்டத்திலேயே மலைக்குக் குறுக்காக நடந்து அளக்க வேண்டும்.

100 அடி மரம் என்றால் 200 அடி. நிரைக்கு நிரை 4 அடி என்று வைத்தால் 50 நிரை. மரம் அரியும்போது அடுத்த பத்து நிரையில் ஆள் நின்று கொழுந்தெடுப்பதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! மரம் சாயத் தொடங்கி நிலத்தில் விழுவதற்குச் சில செக்கன்கள்தான் எடுக்கும். படங்கு கட்டி, கூடையும் சுமந்து, தேயிலைக்கு நடுவே அந்தச் செக்கன்களுக்குள் யாரால் 100 அடி ஓட முடியும்? அதனால்தான் ஓடுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன் தூரத்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறோம்.

இன்னும் சில விதிகள்.

வெட்டும் மரத்துக்குக் கீழ்ச்சரிவில் ஒருவரும் நிற்கக்கூடாது. 200 அடிக்கு அப்பால் நின்றாலும் உருண்டு வரும் துண்டுக்கு அளவு கிடையாது.

மரம் அரியும்போது ஒருவர் காவல் நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது. கயிறு பிடிக்கவோ விறகு அடுக்கவோ அவர் போகக்கூடாது. பார்ப்பதும் சத்தம் கொடுப்பதும் மட்டுமே அவருடைய வேலை. ஊதல் ஒன்று அவர் கழுத்தில் இருக்க வேண்டும். மக்வர்த் சொன்னதை நினைவில் வைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்ற வேண்டும்.

சைகை முதலிலேயே பேசி வைக்கப்பட வேண்டும். உதாரணமாக, ஒரு நீண்ட ஊதல் என்றால் மரம் சாயப்போகிறது, எல்லோரும் வேலையை விட்டு நிமிர்ந்து பாருங்கள். தொடர்ந்து சிறு ஊதல்கள் என்றால் நிறுத்து. காவல்காரர் கையை உயர்த்தாமல் அரிபவர் கடைசி வெட்டைப் போடக்கூடாது.

மரம் விழுந்த உடனே ஓடிப்போய் விறகு பொறுக்கக்கூடாது. இது நமது லயத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய விடயம். மரம் விழுந்த பிறகும் பக்கத்து மரத்தில் தொங்கும் முறிந்த கிளைகள் சாவகாசமாக விழும். இன்னொரு மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்ட மரம் எல்லாவற்றையும் விட மோசம். அது எப்போது நழுவும் என்று அரிபவருக்கும் தெரியாது. அதன் கீழே போகாதீர்கள், மற்றவரைப் போகவும் விடாதீர்கள்.

குளவியையும் மறக்கக்கூடாது. மரம் அதிர்ந்தால், கிளை விழுந்தால், கூடு கலையும். அரிபவர் விட்டுவிட்டுப் போய்விடுவார், கொட்டு வாங்குவது பக்கத்து மலையில் நிற்பவர்கள். ஆகவே மரத்தில் மிஷின் வைக்கும் முன் கூடு இருக்கிறதா என்று பார்ப்பதும் காவல்காரரின் வேலை. கூடு கலைந்தால் கூடையைப் போட்டுவிட்டு, முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, கதவுள்ள இடத்துக்கு ஓடுங்கள். நின்று அடிக்காதீர்கள். மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ தோட்டத்து மருந்து அறையில் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள்.

ஸ்டோரிலும் புல் வெட்டும் இடத்திலும்

ஸ்டோரில் மிஷினின் சத்தத்துக்கு நடுவே ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதில்லை. ரோலர் நின்றிருக்கிறது என்று ஒருவர் உள்ளே கைவிட்டு இலையைத் தள்ளுகிறார். சுவருக்கு அந்தப்பக்கம் சுவிட்சருகே நிற்பவருக்கு அது தெரியாது. இதில் ஆபத்தான வேலையைச் செய்தவர் யார்? சுவிட்சைப் போட்டவர். அடிபட்டவர் பக்கத்தில் நின்றவர்.

இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. ஜப்பான் ரயில்வேயில் 100 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பழக்கம் உண்டு. சமிக்ஞை விளக்கைப் பார்த்தால் சாரதி வெறுமனே பார்த்துவிட்டுப் போகமாட்டார். கையை நீட்டிக் காட்டி, "பச்சை" என்று வாய்விட்டுச் சொல்வார். பார்ப்பவருக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கண், கை, வாய், காது எல்லாம் ஒன்றாக வேலை செய்வதால் பிழை வெகுவாகக் குறைகிறது என்பதை அங்கே சோதித்து உறுதி செய்திருக்கிறார்கள். நமது ஸ்டோரிலும் இதைச் செய்யலாம். சுவிட்சைப் போடும் முன் ரோலரை நோக்கிக் கையை நீட்டி, "ஆள் இல்லை, போடுறேன்" என்று உரத்துச் சொல்லுங்கள். ரோலரருகே நிற்பவர் கையை உயர்த்தி, "போடலாம்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் சுவிட்சில் கை வைக்கக்கூடாது. துப்புரவு செய்யும்போது சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் துப்புரவு செய்பவரே தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெல்ட், காற்றாடி, சுழலும் தண்டு இருக்கும் இடத்தில் சேலைத் தலைப்பு, துவாய், அவிழ்த்த கூந்தல், தொங்கும் ஊதல் கயிறு எதுவும் ஆகாது. சாப்பாடு கொண்டுவரும் பிள்ளையைக் கதவுக்கு உள்ளே விடாதீர்கள். வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புல் வெட்டும் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. அது சின்ன மிஷின் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் தகடு கல்லைத் தட்டினால் அந்தக் கல் தோட்டாவைப்போல வரும். அந்த மிஷின்களோடு வரும் கைந்நூல்கள் மற்றவர்களை 15 மீற்றர், அதாவது 50 அடி தூரத்தில் நிறுத்தச் சொல்கின்றன. வெட்டுபவருக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள். பக்கத்தில் புல் வாருபவருக்கு? அவருக்குக் கண் இல்லையா?

உதவப்போய் விழுபவர்கள்

பக்கத்தில் நிற்பவருக்கு வரும் இன்னொரு ஆபத்து அவருடைய நல்ல மனத்தினால் வருகிறது. ஒருவர் விழுந்தால் நமது ஆட்கள் யோசிக்க மாட்டார்கள், குதித்துவிடுவார்கள். மலையக மக்களின் பெருமையும் அதுதான். ஆனால் மலசலகூடக் குழி, பாழடைந்த கிணறு, மூடிய தொட்டி போன்ற இடங்களில் காற்றே விஷமாக இருக்கும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் சொன்னது: மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் முதலில் விழுந்தவர்கள் அல்லர், காப்பாற்ற இறங்கியவர்கள். மின்சாரமும் இப்படித்தான். தொட்டு இழுத்தவரும் சேர்ந்து போவார்.

ஆகவே முதலில் மூன்று மூச்சு விடும் நேரம் நில்லுங்கள். இவரை வீழ்த்தியது எது, அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் என்றால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். குழி என்றால் இறங்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள். மேலே நின்றபடியே கயிறு போட்டு எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு வீட்டில் ஒரு சாவு நடந்தாலே தாங்க முடியாது. அதை இரண்டாக்கக்கூடாது.

"நீ ஏன் அங்கே நின்றாய்?"

இப்போது சங்கத்தின் விடயத்துக்கு வருவோம். நமது பகுதியில் ஒரு தோட்டத்தில், வெளியிலிருந்து வந்த கொந்தரப்புக்காரர்கள் விறகுக்கு மரம் அரிந்துகொண்டிருந்தார்கள். அதே மலைக்குக் கொழுந்துக்கு ஆள் அனுப்பப்பட்டது. ஒரு கிளை தெறித்து ஒரு தாயின் தோள்பட்டை முறிந்தது. மூன்று மாதம் வேலை இல்லை. காரியாலயத்தில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி வலிக்கிறதா என்பதல்ல. "மரம் வெட்டுறது தெரிஞ்சும் நீ ஏன் அங்கே நின்னே?" கொந்தரப்புக்காரர் அவர் என்னுடைய ஆள் இல்லை என்றார். விபத்துப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "கானில் வழுக்கி விழுந்தார்."

நாங்கள் தோட்டக் கமிட்டியோடு போய்ப் பேசினோம். அன்றைய பெரட்டில் எந்த இலக்க மலைக்கு அனுப்பினார்கள் என்பதும், மடுவத்தில் எந்த மலைக் கொழுந்து நிறுத்தார்கள் என்பதும் பதிவில் இருந்தன. அவரோடு அதே நிரையில் நின்ற நான்கு பேர் சாட்சி சொன்னார்கள். பதிவு திருத்தப்பட்டது, நட்டஈட்டுக்கான வழி திறந்தது. அந்த நான்கு பேரும் பயந்து வாய்மூடி இருந்திருந்தால் அந்தத் தாய் இன்றும் கானில் வழுக்கி விழுந்தவராகவே இருந்திருப்பார்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கேட்பது, வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நடந்ததா என்பதைத்தான். கொஞ்சம் கவனம் பிசகியது என்பதற்காக மட்டும் அந்த உரிமை போய்விடாது. "நீ ஏன் அங்கே நின்றாய்" என்று கேட்டால், "பெரட்டில் அனுப்பியதால் நின்றேன்" என்பதே பதில். இதை எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

ஸ்டோருக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆபத்தான மிஷின் பகுதிகளுக்குத் தடுப்புப் போட வேண்டும், பாரதூரமான விபத்துகளை அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கானது. கொழுந்து மலை தொழிற்சாலை அல்ல. ரோலருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இருக்கும் சட்டக் காவல் மரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை. தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலானோர் வேலை செய்வது மலையில்தான். 2022 ஜூன் மாதம் சர்வதேச தொழில் மாநாடு பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அது உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், இலங்கை 1948இலிருந்து உறுப்பு நாடு. அந்த உரிமை ஸ்டோர் வாசலோடு நின்றுவிடக்கூடாது. மலைக்கும் வர வேண்டும் என்பது நமது கோரிக்கை.

நாளைக் காலைப் பெரட்டிலிருந்து

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க முடியாது. ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் ஐந்து காரியங்களைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, பெரட்டில் மலை இலக்கம் சொல்லும்போது, "அந்த மலையிலோ பக்கத்திலோ இன்று மரம் அரிகிறார்களா, மருந்தடிக்கிறார்களா, மிஷின் ஓடுகிறதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள். ஆம் என்றால் வேறு மலை கேளுங்கள். அதற்காகப் பேர் குறைக்கக்கூடாது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

இரண்டு, காவல்காரர் இல்லாமல் மரம் அரியத் தொடங்கினால், முதலில் கண்டவர் "நிறுத்து" என்று சத்தம் போடலாம். அவர் கணக்கப்பிள்ளையாக இருக்க வேண்டும் என்றில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படிச் சத்தம் போட்டவரை யாராவது ஏசினால் அன்று மாலையே கமிட்டிக்கு அறிவியுங்கள். அவருக்குப் பின்னால் சங்கம் நிற்கும்.

மூன்று, கொந்தரப்புக்காரர் தோட்டத்துக்குள் வந்தால் அவருடைய ஆட்களும் தொழிலாளர்தான். பெரும்பாலும் நம்மைவிடக் குறைந்த பாதுகாப்போடு வேலை செய்கிறவர்கள். சண்டைக்குப் போகாதீர்கள். "தம்பி, நாங்க கீழே நிக்கிறோம், மரம் சாயிறதுக்கு முந்திச் சத்தம் குடுங்க" என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

நான்கு, விபத்து நடந்தால் அதே நாளில் எழுதுங்கள். நேரம், மலை இலக்கம், யார் அனுப்பியது, யார் பக்கத்தில் நின்றது, எந்த மிஷின் என்பவற்றை எழுதிச் சாட்சிகளின் கையெழுத்தை வாங்குங்கள். போனில் படம் எடுங்கள். வீடியோ எடுக்கும் பழக்கம் இதற்காவது உதவட்டும்.

ஐந்து, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாடசாலையில் நாங்கள் தோட்டத்தின் படத்தை வரையச் சொல்லி, ஆபத்தான இடங்களுக்குச் சிவப்பு நிறம் தீட்டச் சொல்கிறோம். அவர்கள் தீட்டும் இடங்களைப் பார்த்தால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். மின்கம்பம், விறகு அடுக்கு, பெக்கோ வெட்டிய கரை, ஸ்டோரின் பின்வாசல் என்று பெரியவர்கள் பழகிப்போய் மறந்த இடங்களை எல்லாம் அவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் படங்களைத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு எடுத்துவாருங்கள். அடுத்த கூட்டத்தில் நிர்வாகத்தோடு பேச அதுவே நல்ல நிகழ்ச்சி நிரல்.

தோழர்களே, நமது பாட்டன் பூட்டன் காலத்தில், "தள்ளி நில்லு" என்பது அதிகாரம் உள்ளவர் நம்மை விரட்டச் சொன்ன சொல். இனி அதை நாம் ஒருவருக்கொருவர் சொல்வோம். பக்கத்து நிரைக்காரிக்காகச் சொல்வோம், ஊர் பேர் தெரியாத கொந்தரப்புத் தம்பிக்காகவும் சொல்வோம். சொன்னவர்மீது யாரும் கோபிக்க வேண்டாம். கேட்டவர் ஏன் என்று கேட்பதற்கு முன் இரண்டடி தள்ளி நின்றுவிட்டு, பிறகு கேட்கட்டும்.

இப்போது தேநீருக்குப் பிறகு, தோட்டம் தோட்டமாகப் பிரிந்து உட்கார்ந்து, உங்கள் தோட்டத்தில் இந்த மாதம் எங்கெங்கே மரம் அரிகிறார்கள், எங்கே யார் நிற்கிறார்கள் என்று பட்டியல் எழுதித் தாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வாரம் நிர்வாகங்களோடு பேசப்போகிறோம்.